கண்காணிப்பு டீமனில் ஜாம்பி ப்ராசஸ் குவிகிறது: ரீஸ்டார்ட் இல்லாமல் சரிசெய்ய வழி?

பல்லடம்_சர்வர்

வணக்கம்ங்க. பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் சர்வர், நெட்வொர்க் இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். மில்லுக்கென்றே பைத்தானில் எழுதிய ஒரு கண்காணிப்பு டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ப்ரோகிராம்) இங்கே ஓடுகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்விட்சுகளுக்கு பிங் அடிக்கும், யு.பி.எஸ்.ஸின் நிலையை எஸ்.என்.எம்.பி. (நெட்வொர்க் கருவிகளிடம் நிலை கேட்கும் முறை) வழியாகக் கேட்கும், ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் சென்சார்களை மோட்பஸில் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) படிக்கும். ஒவ்வொரு சோதனையும் ஒரு தனி ஸ்கிரிப்ட். டீமன் அதைக் கூப்பிட்டு, வந்த எக்ஸிட் கோடை (முடியும்போது ஸ்கிரிப்ட் சொல்லிவிட்டுப் போகும் எண்) பார்த்து, பலகையில் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும்.

டாப் கட்டளை போட்டால் மேல் வரியில் ஜாம்பி (ஓடி முடிந்தும் பட்டியலில் தங்கிவிடும் ப்ராசஸ்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் டீமனால் புதிய சோதனையையே தொடங்க முடியாமல் போகிறது. லாக் முழுக்க ‘ரிசோர்ஸ் டெம்பரரிலி அனவெய்லபிள்’ என்ற வரிதான். மெமரி தாராளமாக இருக்கிறது, சிபியு சும்மா கிடக்கிறது. கில் -9 (ப்ராசஸைக் கட்டாயமாகக் கொல்லும் கட்டளை) அடித்தாலும் ஒன்றும் அசைவதில்லை. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் அத்தனையும் ஒரே நொடியில் காணாமல் போகிறது. அதனால் இரவு ஷிப்ட் மாறும் நேரத்துக்கு ரீஸ்டார்ட் ஆகும்படி க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் வசதி) போட்டு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. காற்றுக் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். யு.பி.எஸ். அலாரம் அப்போதுதான் வேண்டும். ஈரப்பதம் இறங்கினால் ஸ்பின்னிங்கில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதைச் சொல்ல வேண்டியதும் இதே டீமன்தான். அதை இப்படி ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது. எங்கே கை வைப்பது என்று சொல்லுங்கள். உபுண்டு 18.04, டீமன் சிஸ்டம்-டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது) சர்வீஸாக ஓடுகிறது.

ஈரோடு_லினக்ஸ்

தம்பி, கில் -9 அசையாததற்குக் காரணம், அது ஏற்கெனவே செத்துப்போன ப்ராசஸ். செத்ததை இன்னொரு முறை கொல்ல முடியாது.

ஒரு சைல்டு ப்ராசஸ் எக்ஸிட் ஆனதும் அதன் மெமரி, திறந்திருந்த ஃபைல்கள் எல்லாவற்றையும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) உடனே திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒன்றை மட்டும் விட்டுவைக்கும்: ப்ராசஸ் டேபிளில் அதன் பிஐடியும் (ப்ராசஸின் எண்) எக்ஸிட் கோடும் உள்ள அந்த ஒரு வரி. அதைப் பெற்ற பேரன்ட் ப்ராசஸ் வெயிட் அல்லது வெயிட்-பிஐடி என்று கூப்பிட்டு ‘என் சைல்டு என்ன சொல்லிவிட்டுப் போனது’ என்று கேட்கும்வரை அந்த வரி அங்கேயே இருக்கும். நம்மூர் வழக்கில் சொன்னால், சாயப்பட்டறையிலிருந்து துணி இறங்கியாயிற்று, வண்டியும் போய்விட்டது; கையெழுத்துப் போடாத டெலிவரி சலான் மட்டும் குடோன் மேஜையில் கிடக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் பேரன்ட்.

ரீஸ்டார்ட் செய்ததும் காணாமல் போவதும் இதனால்தான். பேரன்ட் செத்தால் அதன் சைல்டுகள் எல்லாம் பிஐடி 1-க்குப் போகும். உங்கள் மெஷினில் அது சிஸ்டம்-டி. அது ஒழுங்காக வெயிட் கூப்பிட்டு எல்லாவற்றையும் முடித்துவைக்கும்.

முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பி.எஸ். கட்டளையில் பிஐடி, பிபிஐடி (பேரன்ட்டின் பிஐடி), ஸ்டேட், கட்டளையின் பெயர் நான்கையும் கேட்டு வாங்கி, ஸ்டேட்டில் இசட் என்று இருப்பதை மட்டும் வடிகட்டுங்கள். பிபிஐடி எல்லாவற்றுக்கும் ஒன்றேதானா? அது டீமனுடையதுதானா? அப்புறம், ஜாம்பியாகக் கிடப்பவற்றின் பெயர் என்ன என்று பாருங்கள். பிங்கா, ஷெல்லா (கட்டளை வரியை வாங்கி ஓட்டும் ப்ரோகிராம்), வேறு எதுவுமா?

கரூர்_சி

ஈரோட்டார் சொன்னதோடு ஒன்று. சிஸ்டம்-சி-டி-எல்லில் ஸ்டேட்டஸ் கேட்டால் ‘டாஸ்க்ஸ்’ என்று ஒரு வரி வரும். பக்கத்தில் லிமிட் 4915 என்று இருக்கிறதா பாருங்கள். பிஐடி உச்சவரம்பு பழைய வழக்கப்படி 32768. சிஸ்டம்-டி ஒரு சர்வீஸுக்கு அதில் 15 சதவீதம் மட்டும் ஒதுக்கும். 32768-இல் 15 சதவீதம் 4915. ஜாம்பியும் அந்தக் கணக்கில் சேரும். மெமரி தின்னாவிட்டாலும் இடம் பிடிக்கும். அந்த எண்ணைத் தொட்டதும் ஃபோர்க் (புதிய ப்ராசஸை உருவாக்கும் அழைப்பு) தோற்கும். நீங்கள் லாக்கில் பார்ப்பது அந்தப் பிழைதான். மெஷின் முழுக்கப் பிஐடி தீர்ந்துபோகவில்லை, உங்கள் சர்வீஸின் பங்கு மட்டும் தீர்ந்திருக்கிறது. எஸ்.எஸ்.எச். போட்டு உள்ளே போனால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரிவதும் அதனால்தான்.

லிமிட்டை ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாள் தள்ளிப்போகும், அவ்வளவே.

காங்கயம்_காளை

ஏனுங்க இவ்வளவு தூரம்? டீமன் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு வரி: சிக்சைல்டு சிக்னலை (சைல்டு செத்தால் பேரன்ட்டுக்கு வரும் செய்தி) இக்னோர் என்று வைத்துவிடுங்கள். லினக்ஸில் அப்படி வெளிப்படையாக வைத்தால், சைல்டு செத்ததும் கெர்னலே துடைத்துவிடும், ஜாம்பியே உருவாகாது. நான் ஒரு ஃபைல் கன்வர்ட் செய்யும் சர்வரில் இதைத்தான் வைத்திருக்கிறேன். ரொம்ப காலமாக ஒரு ஜாம்பி கூடக் கிடையாது.

பீளமேடு_பைத்தான்

காங்கயம் அண்ணா, உங்கள் சர்வரில் அது சரியான தீர்வு. சைல்டு என்ன சொல்லிவிட்டுப் போனது என்பது அங்கே தேவையில்லை, வேலை முடிந்தால் போதும். ஆனால் கண்காணிப்பு டீமனில் அதை வைத்தால் கருவியே கெட்டுவிடும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வரி பல இடங்களில் பரிந்துரையாகக் கிடைக்கிறது. எடுத்துப் போட்டவர்களுக்கு அதன் விளைவு கண்ணில் படாது.

சிக்சைல்டை இக்னோர் செய்தால் எக்ஸிட் கோடையும் சேர்த்தே கெர்னல் தூக்கிப்போட்டுவிடும். பிறகு பைத்தானில் வேறு ப்ரோகிராம்களைத் தொடங்கும் சப்ப்ராசஸ் மாட்யூல் வெயிட்-பிஐடி கூப்பிட்டால் ‘அப்படி ஒரு சைல்டு உனக்கு இல்லை’ என்ற பிழை வரும். மாட்யூல் அந்தப் பிழையை நமக்குக் காட்டாது. சைல்டு செத்தது தெரியும், நிலை தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு ரிட்டர்ன்கோடில் 0 போட்டுவிடும். அந்த மாட்யூலில் சைல்டைத் தொடங்கும் பி-ஓப்பன் கிளாஸின் மூலநிரலைத் திறந்து ட்ரை-வெயிட் என்ற ஃபங்ஷனைப் பாருங்கள், அந்த இடத்தில் கமென்ட்டாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் வழக்கப்படி எழுதிய எந்தச் சோதனை ஸ்கிரிப்டிலும் 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. பல்லடத்தாரின் டீமனும் எக்ஸிட் கோடைப் பார்த்துத்தான் நிறம் காட்டுகிறது. யு.பி.எஸ். பேட்டரியில் ஓடுகிறது, சோதனை ஸ்கிரிப்ட் 2 என்று சொல்லிவிட்டுச் சாகிறது, டீமன் 0 என்று படிக்கிறது. பலகையில் பச்சை. ஜாம்பி எண்ணிக்கையும் பூஜ்யம். எல்லோரும் பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

நம்பிக்கை வராவிட்டால் பைத்தானைத் திறந்து இரண்டு வரி போட்டுப் பாருங்கள். ஃபால்ஸ் என்று ஒரு கட்டளை லினக்ஸில் இருக்கிறது. 1 என்று சொல்லி எக்ஸிட் ஆவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அதை சப்ப்ராசஸ் கால் வழியாகக் கூப்பிட்டால் 1 வரும். சிக்சைல்டை இக்னோர் செய்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள். 0 வரும்.

ஜாம்பி என்பது யாரும் கேட்காமல் கிடக்கும் பதில். கண்காணிப்புக் கருவியின் வேலையே அந்தப் பதிலைக் கேட்பது. பதிலைக் கேட்காமல் ஜாம்பியை மட்டும் ஒழிக்கும் எந்த வழியும் இங்கே தீர்வாகாது.

காங்கயம்_காளை

ஃபால்ஸை வைத்துப் பார்த்தேன். சொன்ன மாதிரியே 0. இது தெரிய வேண்டிய விஷயமுங்க அம்மணி. என் சர்வரில் எக்ஸிட் கோடு பார்ப்பதில்லை, அதனால் அங்கே அப்படியே இருக்கட்டும். பல்லடம் தம்பி, அந்த வரி உங்களுக்கு வேண்டாம்.

பல்லடம்_சர்வர்

எல்லோருக்கும் நன்றிங்க. பார்த்துவிட்டேன்.

பிபிஐடி எல்லாவற்றுக்கும் டீமனுடையதேதான். ஜாம்பிகளின் பெயர்: பெரும்பாலும் ஷெல், மீதி எஸ்.என்.எம்.பி. கெட். டாஸ்க்ஸ் லிமிட் கரூரார் சொன்ன அதே 4915.

நிரலில் சோதனையைக் கூப்பிடும் இடம் இப்படி இருக்கிறது. பி-ஓப்பனுக்குக் கட்டளையை ஒரே நீள ஸ்ட்ரிங்காகக் கொடுத்து, ஷெல் ட்ரூ என்று வைத்திருக்கிறார். சில சோதனைகளில் எஸ்.என்.எம்.பி. கெட்டின் விடையை பைப் போட்டு கிரெப்புக்கு (வரிகளில் தேடும் கட்டளை) அனுப்பியிருக்கிறார். பிறகு கம்யூனிகேட் (சைல்டின் வெளியீட்டுக்குக் காத்திருக்கும் ஃபங்ஷன்), டைம்அவுட் 10 நொடி. டைம்அவுட் ஆனால் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறது. கில் எங்கேயும் இல்லை.

குழப்பம் என்னவென்றால், இதே பகுதியை மட்டும் தனியாக எடுத்து ஒரு சின்ன ஸ்கிரிப்டாக்கி, பதில் சொல்லாத ஐபி ஒன்றைக் கொடுத்து ஓடவிட்டேன். ஜாம்பி ஒன்றிரண்டுக்கு மேல் தங்கவே இல்லை, தானாகப் போய்விடுகிறது. டீமனில் மட்டும் ஏன் குவிகிறது?

பீளமேடு_பைத்தான்

நல்ல கேள்வி. டீமன் அந்த பி-ஓப்பன் ஆப்ஜெக்டை எங்கேயாவது சேர்த்து வைக்கிறதா பாருங்கள். லிஸ்ட், டிக்ஷனரி, வரலாறு என்று ஏதாவது.

பல்லடம்_சர்வர்

ஆமாங்க. பலகையில் ‘கடந்த சோதனைகள்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதற்காக ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் சோதனையின் பெயர், நேரம் போட்டு ஒரு டிக்ஷனரியில் வைக்கிறார். எதையும் நீக்குவதில்லை.

பீளமேடு_பைத்தான்

அதுதான் விஷயம்.

பைத்தானில் ஒரு பி-ஓப்பன் ஆப்ஜெக்டை யாரும் பிடித்து வைக்காமல் விட்டுவிட்டால் அது அழிக்கப்படும். அழியும் நேரத்தில் அதன் சைல்டுக்கு இன்னும் வெயிட் கூப்பிடவில்லை என்று தெரிந்தால், மாட்யூல் அதைத் தனக்குள் ஒரு பட்டியலில் போட்டுக்கொள்ளும். அடுத்த முறை நீங்கள் ஏதாவது ஒரு பி-ஓப்பன் செய்யும்போது முதல் வேலையாக அந்தப் பட்டியலைப் பார்த்து, செத்ததையெல்லாம் முடித்துவிடும். உங்கள் சின்ன ஸ்கிரிப்டில் ஜாம்பி தங்காததற்குக் காரணம் இது.

டீமனில் டிக்ஷனரி அந்த ஆப்ஜெக்டுகளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆப்ஜெக்ட் அழியவில்லை, பட்டியலுக்குப் போகவில்லை, யாரும் வெயிட் கூப்பிடவுமில்லை. டைம்அவுட் ஆன ஒவ்வொரு சோதனையும் ஒரு நிரந்தர ஜாம்பி. ஒழுங்காகப் பதில் வந்த சோதனைகளில் கம்யூனிகேட் உள்ளேயே வெயிட் நடந்துவிடுவதால் அவை குவியவில்லை. அதாவது உங்களிடம் குவிந்து கிடப்பதெல்லாம் டைம்அவுட் ஆனவைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் முக்கியம்.

டிக்ஷனரியிலிருந்து நீக்கினால் ஜாம்பி போய்விடும். ஆனால் அது மாட்யூலின் பின்வாசல் வழியாகத் துடைப்பது. நேராகச் செய்ய வேண்டியது வேறு.

ஒன்று, வரலாற்றுக்கு ஆப்ஜெக்டை வைக்காதீர்கள். சோதனையின் பெயர், தொடங்கிய நேரம், எக்ஸிட் கோடு, வெளியீட்டு வரி, இவற்றை மட்டும் எடுத்து வையுங்கள். பழையதை ஒரு அளவுக்கு மேல் வெட்டிவிடுங்கள்.

இரண்டு, கம்யூனிகேட்டில் டைம்அவுட் வந்தால் சைல்டு தானாகச் சாகாது. பைத்தான் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்: டைம்அவுட் வந்ததும் நீங்களே கில் செய்து, மறுபடி கம்யூனிகேட் கூப்பிட வேண்டும். பி-ஓப்பனுக்குப் பதிலாக ரன் என்ற ஃபங்ஷனை டைம்அவுட் கொடுத்துப் பயன்படுத்தினால் கில், வெயிட் இரண்டையும் அதுவே செய்துவிடும்.

ஷெல் விஷயம் தனிக்கதை. ஈரோட்டு அண்ணா சொல்லட்டும், அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஈரோடு_லினக்ஸ்

சொல்கிறேன்.

பைப் போட்ட வரியை ஷெல் ட்ரூ வைத்துக் கூப்பிட்டால், உங்கள் டீமனின் சைல்டு ஷெல் மட்டும்தான். எஸ்.என்.எம்.பி. கெட்டும் கிரெப்பும் ஷெல்லின் சைல்டுகள், டீமனுக்குப் பேரப்பிள்ளைகள். டைம்அவுட் வந்ததும் கில் செய்தால் ஷெல் சாகும். பேரப்பிள்ளைகள் சாகாது. யு.பி.எஸ். கார்டு பதில் சொல்லாமல் இருக்கிறதல்லவா, எஸ்.என்.எம்.பி. கெட் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அது மட்டுமில்லை. வெளியீட்டை வாங்கும் பைப்பின் மறுமுனையும் அந்தப் பேரப்பிள்ளைகளின் கையில் இருக்கும். நீங்கள் கில் அடித்துவிட்டு ஆவணத்தில் சொன்னபடி மறுபடி கம்யூனிகேட் கூப்பிட்டால், பைப் மூடும்வரை அது காத்திருக்கும். 10 நொடி டைம்அவுட் வைத்த சோதனை நிமிடக்கணக்கில் தொங்கும். எங்கள் பக்கம் ஒரு விசைத்தறி யூனிட்டில் இதே மாதிரி முழு டீமனும் நின்றுபோய், ஏன் நின்றது என்று பிடிபடாமல் திண்டாடினார்கள். எஸ்-ட்ரேஸ் (ப்ராசஸ் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் கருவி) போட்டுப் பார்த்தபோது பைப்பில் படிக்கக் காத்திருப்பது தெரிந்தது.

முடிந்தவரை ஷெல்லை எடுத்துவிடுங்கள். கட்டளையையும் அதன் ஆர்க்யுமென்ட்டுகளையும் லிஸ்டாகக் கொடுங்கள். கிரெப் செய்வதைப் பைத்தானுக்குள்ளேயே செய்யலாம், ஸ்ட்ரிங்கில் தேடுவதுதானே. ஷெல் கட்டாயம் வேண்டும் என்ற சோதனைகளுக்கு, பி-ஓப்பனில் ஸ்டார்ட்-நியூ-செஷன் ட்ரூ வையுங்கள். அப்போது ஷெல்லும் அதன் கீழே வரும் எல்லாமும் ஒரே ப்ராசஸ் குரூப்பில் இருக்கும். டைம்அவுட் வந்தால் ஷெல்லை மட்டும் கொல்லாமல், கில்-பிஜி கொடுத்து குரூப் முழுவதையும் கொல்லுங்கள். ஷெல்லுக்கு நீங்கள் வெயிட் கூப்பிடுங்கள். பேரப்பிள்ளைகளை சிஸ்டம்-டி முடித்துவைக்கும்.

நாமக்கல்_நெட்

சிஸ்டம்-டி முடித்துவைக்கும் என்பது நேரடியாக மெஷினில் ஓடினால் மட்டும். டாக்கருக்குள் (ப்ரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனி அறையில் ஓட்டும் கருவி) ஓடினால் நிலைமை வேறு.

கன்டெய்னருக்குள் பிஐடி 1 யார் என்றால், நீங்கள் தொடங்கிய அந்தப் பைத்தான் டீமனேதான். அநாதையான பேரப்பிள்ளைகள் எல்லாம் அதன் தலையில் வந்து விழும். அதற்கோ அவை யாரென்றே தெரியாது, தான் தொடங்காத பிஐடிகளுக்கு அது வெயிட் கூப்பிடாது. டீமன் நிரல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஜாம்பி குவியும். டாக்கர் 1.13 முதல், ரன் கட்டளையில் இனிட் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் டினி என்ற சின்ன ப்ரோகிராமை பிஐடி 1-ஆக வைத்து, அதன் கீழே உங்கள் டீமனை ஓடவிடும். வந்து விழும் அநாதைகளை எல்லாம் டினி முடித்துவைக்கும். கம்போஸ் ஃபைலில் இனிட் ட்ரூ என்று ஒரு வரி.

இன்னொரு லாபமும் உண்டு. பிஐடி 1-ஆக ஓடும் ப்ராசஸ் டெர்ம் (முடித்துக்கொள் என்று சொல்லும்) சிக்னலுக்குத் தானே ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் நிரல்) வைக்காவிட்டால் அந்த சிக்னல் அதைத் தொடாது. டாக்கர் ஸ்டாப் அடித்துவிட்டு 10 நொடி காத்திருந்து, கடைசியில் கில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். டினி வைத்தால் அதுவும் சரியாகும்.

பல்லடம்_சர்வர்

உடுமலை ரோட்டில் இருக்கும் இரண்டாவது யூனிட்டில் இதே டீமனை டாக்கரில்தான் வைத்திருக்கிறோம். அங்கேயும் இனிட் போட்டுவிடுகிறேன். சரியான நேரத்தில் சொன்னீர்கள்.

கரூர்_சி

டினி என்ன செய்கிறதோ அதையே டீமனுக்குள் எழுதலாமே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: சிக்சைல்டுக்கு ஹேண்ட்லர் எழுதி, வெயிட்-பிஐடி -1 என்று கூப்பிட்டு, செத்த எல்லா சைல்டையும் வாரி எடுக்கும் முறை. சி-யில் எழுதிய கண்காணிப்பு டீமன்களில் இது நல்ல முறை. நானும் அப்படித்தான் எழுதுவேன். இரண்டு நிபந்தனை.

முதலாவது, ஹேண்ட்லருக்குள் ஒருமுறை மட்டும் வெயிட் கூப்பிட்டால் போதாது. சாதாரண சிக்னல்கள் வரிசையில் நிற்பதில்லை. மூன்று சைல்டு அடுத்தடுத்து செத்தாலும் ஒரே ஒரு சிக்சைல்டு வரலாம். அதனால் நோ-ஹேங் விருப்பத்தோடு, இனி எடுக்க ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை சுற்றில் கூப்பிட வேண்டும். லோடு அதிகமான நேரத்தில் மட்டும் ஓரிரண்டு ஜாம்பி தங்கிவிடுகிறது என்று புகார் வந்தால் பெரும்பாலும் இந்தச் சுற்று இல்லாததுதான் காரணம்.

இரண்டாவது, வாரி எடுத்த ஒவ்வொரு பிஐடியும் எந்தச் சோதனையுடையது என்று ஒரு டேபிள் வைத்து, எக்ஸிட் கோடை அந்தச் சோதனையிடம் சேர்க்க வேண்டும். பைத்தானில் இதைச் செய்யாதீர்கள். நீங்கள் முதலில் வாரி எடுத்துவிட்டால், சப்ப்ராசஸ் மாட்யூல் பின்னால் வந்து கேட்கும்போது ‘சைல்டு இல்லை’ என்ற பதில் கிடைக்கும். பிறகு என்ன ஆகும் என்று பீளமேட்டார் சொல்லிவிட்டார். மறுபடி 0.

பொள்ளாச்சி_புதுசு

ஒரு சந்தேகம் அண்ணா. எங்கள் சர்வரிலும் கில் -9-க்குச் சாகாத ப்ராசஸ் இரண்டு கிடக்கிறது. ஆனால் ஸ்டேட்டில் இசட் இல்லை, டி என்று இருக்கிறது. இதுவும் ஜாம்பியா?

ஈரோடு_லினக்ஸ்

இல்லை கண்ணு. டி என்றால் உயிரோடு இருக்கிறது, கெர்னலுக்குள் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிறது. பெரும்பாலும் டிஸ்க் அல்லது நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம். என்.எஃப்.எஸ். மவுன்ட் ஏதாவது செத்துக் கிடக்கிறதா பார். டிஸ்க் இடம் காட்டும் டி.எஃப். கட்டளை போட்டால் அதுவும் தொங்குகிறது என்றால் அதேதான்.

இது பல்லடத்தாருக்கும் வேண்டிய விஷயம். தம்பி, டிஸ்க் இடம் பார்க்கும் சோதனை உங்களிடம் இருந்தால், என்.எஃப்.எஸ். நின்றுபோன நேரத்தில் அது டி நிலையில் மாட்டும். நீங்கள் கில் அடிப்பீர்கள், அது சாகாமல் போகலாம். அடுத்த வரியில் டைம்அவுட் இல்லாத வெயிட் இருந்தால் டீமனும் சேர்ந்து தொங்கும். ஒரு சர்வர் நின்றதற்காக மில் முழுக்கக் கண்காணிப்பு நின்றுவிடும்.

அதனால் கில் அடித்தபின் வெயிட்டுக்கும் ஓரிரு நொடி டைம்அவுட் கொடுங்கள். அதற்குள் சாகாவிட்டால், அந்த ஆப்ஜெக்டை ‘சாகக் காத்திருப்பவை’ என்று ஒரு தனி லிஸ்டில் போடுங்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அந்த லிஸ்டில் உள்ளவற்றுக்கு போல் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். அது காத்திருக்காது, செத்திருந்தால் முடித்துவைக்கும், இல்லையென்றால் உடனே திரும்பும். முடிந்ததை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த லிஸ்டில் ஏற்கெனவே ஒரு சோதனை இருந்தால், அதே சோதனையை மறுபடி தொடங்கக் கூடாது. இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஒன்று டி நிலையில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

ரன் ஃபங்ஷன் கில் அடித்தபின் டைம்அவுட் இல்லாமல்தான் வெயிட் செய்யும். அதனால் டிஸ்க்கைத் தொடும் சோதனைகளுக்கு மட்டுமாவது பி-ஓப்பனை வைத்து நீங்களே எழுதுங்கள்.

பல்லடம்_சர்வர்

மாற்றி எழுதி ஓடவிட்டாயிற்று. இரண்டு யூனிட்டிலும் ஜாம்பி இப்போது ஒரு கணம் ஒன்று தெரிந்து மறைகிறது, அவ்வளவுதான். டாஸ்க்ஸ் எண்ணிக்கை ஏறவில்லை. க்ரானிலிருந்து ரீஸ்டார்ட்டை எடுக்க மேனேஜர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ‘நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, எதற்குத் தொடுகிறாய்’ என்றார். ரீஸ்டார்ட் ஆகும்போது ‘தொடர்ந்து மூன்று முறை தோற்றால் எஸ்.எம்.எஸ். அனுப்பு’ என்ற கணக்கு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குகிறது, நடுவில் நடப்பதும் பதிவாவதில்லை என்று காட்டினேன். எடுத்துவிட்டார்.

பீளமேட்டு அக்கா முன்னால் சொன்னது இப்போது புரிகிறது. டைம்அவுட் ஆனவைதான் குவிந்தன என்றால், எது அடிக்கடி டைம்அவுட் ஆகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டுமல்லவா? பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே ஒரு சோதனை: ஸ்பின்னிங் ஹாலின் ஒரு மூலையில் இருக்கும் ஈரப்பதச் சென்சார். பழைய நிரலில் டைம்அவுட் வந்தால் லாக்கில் எழுதுவதோடு சரி, பலகையில் கடைசியாக வந்த நிறமே நின்றுவிடும். அந்தச் சென்சார் கடைசியாக எப்போதோ பச்சை சொன்னது, அதனால் பச்சையாகவே இருந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் அண்ணன் போய்ப் பார்த்ததில், ஆர்.எஸ். 485-ஐ ஈதர்நெட்டாக மாற்றும் பெட்டியில் ஒரு வயர் லூஸ். பஞ்சுத் தூசி வேறு. முறுக்கிவிட்டுத் துடைத்ததும் பதில் வருகிறது. அந்த மூலை ஃப்ரேம்களில் நூல் அறுந்துகொண்டிருப்பதாக ஃபிட்டர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பலகையைக் காட்டி ஈரப்பதம் சரியாக இருக்கிறது என்று அவர்களுக்குப் பதில் சொல்லப்பட்டிருக்கிறது.

பீளமேடு_பைத்தான்

ஃபிட்டர்களிடம் இதைப் போய்ச் சொல்லிவிடுங்கள் தம்பி. அவர்கள் சொன்னது சரி என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி டைம்அவுட் ஆன சோதனைக்குப் பழைய நிறத்தை வைக்காதீர்கள். 3, தெரியவில்லை. பலகையில் அதற்கென்று ஒரு நிறம் இருக்கட்டும்.

கரூர்_சி

ஜாம்பி எண்ணிக்கைக்கும் ஒரு அலாரம் வைத்துவிடுங்கள். நாகியோஸில் செக்-ப்ராக்ஸ் பிளக்இன்னுக்கு ஸ்டேட் இசட் என்று கொடுக்கலாம். ஜாபிக்ஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளில் ப்ராக்-நம் ஐட்டத்தில் ஜாம்ப் என்று கேட்கலாம். உங்கள் சொந்த டீமனில் இதற்காக பி.எஸ். கட்டளையைக் கூப்பிடாதீர்கள். ஃபோர்க் தோற்கும் நாளில் அந்தச் சோதனையும் தொடங்க முடியாது, அலாரம் வர வேண்டிய நாளில் வராது. ப்ராக் டைரக்டரியில் உள்ள எண் பெயர் கொண்ட ஃபோல்டர்களில் ஸ்டாட் ஃபைலை டீமனே நேராகப் படிக்கட்டும், அதற்கு ஃபோர்க் வேண்டாம். டீமன் கடைசியாக ஒரு சுற்று முடித்த நேரத்தை ஒரு ஃபைலில் எழுதவைத்து, இரண்டாவது யூனிட் அதைப் பார்க்கட்டும். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே.

பல்லடம்_சர்வர்

செய்துவிடுகிறேன்ங்க. கடைசியாக ஒன்று: கில்-பிஜி போட்டபின் ரிட்டர்ன்கோடு -9 என்று வருகிறது. வரலாற்றுப் பக்கத்தில் அது அப்படியே பதிகிறது, நிறம் ஒன்றும் காட்டவில்லை.

ஈரோடு_லினக்ஸ்

சிக்னல் பட்டு செத்தால் பைத்தான் அந்த சிக்னல் எண்ணை மைனஸ் போட்டுக் கொடுக்கும். 9 என்பது கில். ஷெல் வழியாகப் பார்த்தால் இதுவே 137 என்று வரும், 128-உம் 9-உம். 0, 1, 2 மூன்றையும் தவிர வேறு எது வந்தாலும் நிறத்துக்கு 3 என்று எடுத்துக்கொள்ளுங்கள். வந்த எண்ணை மட்டும் வரலாற்றில் மாற்றாமல் வையுங்கள். -9 என்றால் நாமே கொன்றது. -11 என்று வந்தால் ஸ்கிரிப்ட் தானாக விழுந்திருக்கிறது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.